மூக்கு நீண்ட எங்கள் டாக்கெல்

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் நீலப் புகையும் அப்போதுதான் அறுத்து முடித்த கோதுமைத் தாளின் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் ஒரு மணம் வரும். கொஞ்சம் எரிந்த எண்ணெய், கொஞ்சம் வெயில், கொஞ்சம் புழுதி. என் வாழ்க்கையில் மூன்று ஆகஸ்ட் மாதங்களில் மட்டுமே அதை முகர்ந்திருக்கிறேன். என்றாலும், பழைய மொப்பெட் ஒன்று எங்காவது என்னைக் கடந்து போனால் இன்றைக்கும் என் வலது கால் தானாகவே கீழே அழுந்தும், இல்லாத ஒரு பெடலைத் தேடி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஜெர்மனியின் ஈஃபெல் மலைப்பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், முன்பு சத்திரமாக இருந்த ஒரு கட்டடத்தில் எங்களைக் குடியிருத்தியிருந்தார்கள். அதை எல்லோரும் "ஹைம்" என்போம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அப்பா வேலை செய்யக்கூடாது, எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதென்றால் அலுவலகத்தில் எழுதிக் கேட்கவேண்டும். எங்கள் சொந்த ஊரான இணுவிலில் இருந்தபோது தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் "மிஷின்"களைத் திருத்துவதுதான் அப்பாவின் தொழில். வெங்காயத்துக்கு இறைப்பு நடக்கும் நாட்களில் ஊரே அவரைத் தேடி வரும். அப்படிப்பட்ட மனிதர் இங்கே ஜன்னலுக்குப் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கைகள் நாளுக்கு நாள் சுத்தமாகிக்கொண்டு வந்தன. "உங்கட அப்பாவின்ர கையைப் பார், பேனை பிடிக்கிற கிளாக்கர்மாரின்ர கை மாதிரி வந்திட்டுது" என்று அம்மா சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஹைமுக்கு அடுத்த வளவில் ஃபிராவ் ஹோலர் என்ற பெண்மணி மாடுகள் வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பெரிய தொண்டை. அவர் மாடுகளைக் கூப்பிட்டால் எங்கள் அறைக் கண்ணாடி அதிரும். ஒரு நாள் அவருடைய தண்ணீர்ப் பம்பு விட்டுவிட்டு இயங்கும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "காத்து இழுக்குது" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வேலியைக் கடந்து போனார். அரை மணி நேரத்தில் பம்பு ஒரே சீராக ஓடியது. பதிலுக்கு என்ன வேண்டும் என்று ஃபிராவ் ஹோலர் கேட்டபோது, அப்பா கொட்டகையின் மூலையில் கோழி எச்சம் படிந்து கிடந்த ஒரு பழைய மொப்பெட்டைக் காட்டினார். இளம் பெண்ணாக இருந்தபோது நடனத்துக்குப் போக அவர் ஓட்டிய மொப்பெட் அது. "அது செத்து இருபது வருடமாகிறது" என்றார் அவர். அப்பாவுக்கு அப்போது தெரிந்திருந்த ஜெர்மன் சொற்கள் ஐம்பது இருக்கலாம். அவற்றில் மூன்றை எடுத்து, "நைன். ஷ்லாஃப்ட் நுர்" என்றார். இல்லை, தூங்குகிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் கோதுமை அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்து ஊர்கள் சேர்ந்து தாள் நிலத்தில் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். பெரியவர்கள் பழைய கார்களை ஒன்றோடொன்று இடித்து ஓட்டுவார்கள். அதற்கு முன்னால் சிறுவர் பந்தயம் ஒன்று உண்டு: வீட்டில் செய்த, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, மொப்பெட் எஞ்சின் பூட்டிய கார்கள். எஞ்சின் விழித்துக்கொண்ட அன்றே ஃபிராவ் ஹோலர் என்னைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பெண் ஓட்டட்டும்" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அம்மாவும் யாரும் கேட்பதற்காகக் காத்திருக்கவில்லை.

"ஓட்டட்டும்" என்றார். "ஆனா எஞ்சின் முன்னுக்கு இருக்கவேணும்."

மற்றப் பிள்ளைகளின் கார்களில் எல்லாம் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால்தான் இருந்தது. அதுதான் சுலபம், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே பின்சில்லு, சின்னச் செயின் ஒன்று போதும். அப்பா இதை ஒரு கடதாசியில் கீறிக்கூடக் காட்டினார். அம்மா கடதாசியைப் பார்க்கவே இல்லை.

"மாட்டை ஆரும் வண்டிக்குப் பின்னாலயே கட்டுறவை? பின்னுக்கு நெருப்புப் பிடிச்சால் பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? முன்னுக்கு வையுங்கோ. பார்த்துப் பார்த்து ஓடட்டும்."

அப்பா ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டு, காலையில், "கொம்மா சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். அது நியாயத்துக்காகச் சொன்னதா, வீட்டு நிம்மதிக்காகச் சொன்னதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படித்தான் அந்தப் பக்கத்து ஊர்கள் எதிலும் இல்லாத ஒரு கார், முன்னால் எஞ்சினும் நடுவில் நானும் பின்னால் இழுக்கும் சில்லுகளுமாக, உருவாகத் தொடங்கியது.

வீட்டில் வேண்டாத பெரிய பொருட்களை மக்கள் தெருவோரம் வைக்கும் நாளுக்கு "ஷ்பெர்முல்" என்று பெயர். எங்கள் கட்டில், மேசை, தொலைக்காட்சி எல்லாம் அப்படி வந்தவைதான். அந்த வசந்த காலத்தில் நாங்கள் தளபாடம் தேடவில்லை. இரும்புக் கட்டில் ஒன்றின் இரண்டு நீளச் சட்டங்கள் காரின் முதுகெலும்பாயின. தள்ளுவண்டிச் சில்லுகள் முன்னுக்கு, மொப்பெட்டின் சில்லுகள் பின்னுக்கு. சிறுபிள்ளைகள் மிதித்து ஓட்டும் விளையாட்டு டிராக்டர் ஒன்றின் வளையம் ஸ்டியரிங்கானது. சலவை இயந்திரத்தின் வெள்ளைத் தகட்டை வளைத்து எஞ்சினுக்கு மூடி செய்தார் அப்பா. ஒட்டுவேலைக்கு ஃபிராவ் ஹோலரின் கொட்டகையில் வெல்டிங் இருந்தது. செயின்தான் பிரச்சினை. எஞ்சினிலிருந்து பின்சில்லுக்குப் போக மூன்று செயின்களை ஒன்றாகக் கோர்க்கவேண்டியிருந்தது. அது என் இருக்கைக்குக் கீழால் ஓடும். ஓடும்போது தொடையில் கூசும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொட்டகைக்கு ஓடுவேன். எந்த ஆணி எங்கே, எந்த வயர் எதற்கு என்று எனக்குத் தெரியாதது அந்தக் காரில் எதுவும் இருக்கவில்லை. அப்பாவின் நகக்கண்களில் மறுபடியும் கறுப்பு ஏறியது. ஒரு மாலை அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி வாயெடுத்தவர், சொல்லாமலே சோற்றைப் போட்டார்.

முதல் வருடப் பந்தயத்தில் நாங்கள் கடைசி. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அவ்வளவு மகிழ்ச்சியான கடைசி இடத்தை நான் பிறகு பார்த்ததில்லை. ஐந்து சுற்றுப் பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே செயின் கழன்றது. இறங்கிப் பூட்டினேன். மூன்றாவதில் மறுபடி கழன்றது. எஞ்சின் சூடு முழுக்க என் பாதங்களுக்கு வந்தது. புகை முழுக்க முகத்துக்கு வந்தது. மற்ற ஏழு கார்களும் முடித்துவிட்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க, நான் தனியே கடைசிச் சுற்றை ஓடினேன். கோட்டைக் கடந்தபோது என் முகத்தில் கண்கள் மட்டும்தான் வெள்ளை என்று அம்மா சொன்னார். வென்றவன் டோபியாஸ் என்ற பையன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் என் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, அந்த நீண்ட முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இது டாக்கெல்!" என்று கத்தினான். எல்லாப் பிள்ளைகளும் "டாக்கெல், டாக்கெல்" என்று சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

டாக்கெல் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். ஃபிராவ் ஹோலர் தன்னுடைய நாயைக் காட்டினார்: குட்டைக் கால், நீண்ட உடம்பு, அதைவிட நீண்ட மூக்கு. அப்பா நாயைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சரியான பேர்தான் வைச்சிருக்கிறாங்கள், பிள்ளை! ஏன் அழுறாய்?" அடுத்த நாளே அம்மா சலவை இயந்திரத் தகட்டில் சிவப்பு மையால், தமிழில், "டாக்கெல்" என்று எழுதினார்.

இரண்டாம் வருடம் டாக்கெல் வளர்ந்தது. செயின் கழலாமலிருக்க, காலில் மாட்டிச் சறுக்கும் சில்லுச் சப்பாத்து ஒன்றிலிருந்து இரண்டு ரப்பர்ச் சில்லுகளை எடுத்து, செயினை அழுத்திப் பிடிக்கும் கை ஒன்றை அப்பா செய்தார். என் பாதங்களுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தகட்டுச் சுவர் ஒன்று வந்தது. புகைக்குழாயை நீட்டி என் முழங்கைக்குக் கீழால் பின்னுக்குக் கொண்டுபோனார். அம்மா பழைய திரைச்சீலையில் பஞ்சு வைத்து இருக்கை தைத்தார். எல்லாம் சரியாக வந்தபோது பந்தயத்தன்று காலை மழை கொட்டியது.

பந்தயத்துக்கு முன் ஓட்டிப் பார்த்தோம். ஈரமண்ணில் டோபியாஸின் காருக்குப் பாரம் பின்னால். இழுக்கும் சில்லு மண்ணைப் பிடித்தது. எங்களுக்குப் பாரம் முன்னால். பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்று, பின்னால் நின்ற அம்மாவின் சட்டை முழுக்கச் சேற்றை அடித்தன. அப்பா எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஹைமுக்குப் போனார். திரும்பி வந்தபோது இருபது கிலோ அரிசி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"இதைப் பின்னுக்கு வையுங்கோ."

"இஞ்சேரும், இது பந்தயக் கார் எல்லோ" என்றார் அப்பா.

"தெரியும். வையுங்கோ."

இருக்கைக்குப் பின்னால் மூட்டையைக் கயிற்றால் கட்டினோம். டாக்கெல் நிலத்தைப் பிடித்தது. வளைவுகளில் வேறொரு அதிசயமும் நடந்தது. பின்னால் எஞ்சின் வைத்தவர்களின் முன்சில்லுகள் சேற்றில் வழுக்கி நேரே போயின. எங்களுடையது முன்பாரத்தால் திருப்பிய பக்கம் திரும்பியது. அம்மா நெருப்புக்குப் பயந்து கேட்ட முன் எஞ்சின், வளைவுகளில் எனக்கு வரமாக இருந்தது. மூன்றாம் இடம் வந்தேன். அன்றிரவு சமைத்த சோற்றில் கொஞ்சம் பெட்ரோல் மணத்தது. ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

மூன்றாம் வருடம்தான் சோதனை வந்தது. பந்தயத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் வைப்பதென்று முடிவாயிற்று. ஆறு என்றாலும் அகலமில்லாத சிற்றாறுதான்; மேலே ஒரு கல்பாலம். ஆனால் அந்த ஆறுதான் மாவட்ட எல்லை. பாலத்தின் நடுவைத் தாண்டினால் நாங்கள் சட்டத்தை மீறியவர்கள்.

அப்பாவும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். நான்தான் மொழிபெயர்ப்பு. "அந்த்ராக்" என்ற அந்த விண்ணப்பத்தாளில் பயணத்துக்கான காரணம் எழுத ஒரு வரி இருந்தது. டாக்டரிடம் போவதாக எழுதினால் உடனே கிடைக்கும் என்று ஃபிராவ் ஹோலர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். "பிள்ளை, காருக்கு ஒரு பொய்யும் சொல்லேலாது. சொன்னா ஓடாது" என்றார். பிறகு பெரிய எழுத்தில், பிழையில்லாமல், மூன்றே ஜெர்மன் சொற்களை எழுதினார்: என் மகள் ஓட்டுகிறாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் அதை இரண்டு தடவை வாசித்தார். எழுந்து உள்ளே போய், யாரிடமோ பேசிவிட்டு வந்தார். பிள்ளைக்கு அனுமதி தரலாம், விளையாட்டுப் போட்டி என்று பதியலாம், அயலவரோடு போய் வரட்டும். பெற்றோருக்கு இது ஒரு காரணமாகாது. அவர் கெட்டவரல்ல, சொல்லும்போது என்னைப் பார்க்காமல் முத்திரைக் கட்டையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியவள் நான். சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தன. நானும் முத்திரைக் கட்டையையே பார்த்தேன்.

அப்பாவே புரிந்துகொண்டார். "உனக்குத் தந்திட்டாங்கள் தானே? காணும். வா, செயினுக்கு எண்ணெய் போடவேணும்."

வீட்டுக்கு வந்ததும், நீங்கள் இல்லாமல் நான் ஓடமாட்டேன் என்று அழுதேன். அம்மாதான் ஒரு முடிவோடு நின்றார். "ஆத்தங்கரை எங்கட பக்கம் தானே? கரையில நிக்கிறதுக்கு ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை." அந்தத் தாள் நிலம் மறுகரைச் சரிவில் இருந்தது, எங்கள் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். அம்மா திட்டம் போட்டார். துணி காயப்போடும் நீண்ட தடியில் சேலை கட்டிக் காட்டுவது. மஞ்சள் சேலை என்றால் எல்லாம் சரி, ஓடு. சிவப்புச் சேலை என்றால் நில்.

பந்தயத்தன்று ஃபிராவ் ஹோலர் டாக்கெலை டிராக்டரின் இழுவையில் ஏற்றி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலத்தைக் கடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் கரையில், புல்லில், பக்கத்தில் ஒரு பெரிய சட்டியோடு நின்றார்கள். கூட்டத்துக்கு நடுவில் போவதைப் போல அம்மா நல்ல சேலை உடுத்தி, பூப்போட்ட குடையும் பிடித்திருந்தார்.

கொடி விழுந்தது. வெயிலில் மண் பொடியாகக் கிடந்தது. முதல் வளைவிலேயே நான் மூன்று பேரைத் தாண்டினேன். இரண்டாவது சுற்றில் எனக்கு முன்னால் டோபியாஸ் மட்டும்தான். ஆற்றுப்பக்கமாகத் திரும்பும்போதெல்லாம் மஞ்சள் சேலை காற்றில் பறந்தது. மூன்றாம் சுற்றில் அவனுடைய பின்சில்லின் புழுதி என் பல்லில் கடிபட்டது. இன்னொரு வளைவு, இன்னும் ஒரே ஒரு வளைவு, பிடித்துவிடலாம். ஆற்றுப்பக்கம் திரும்பினேன்.

சிவப்பு.

நம்ப முடியவில்லை. கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தடியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்ட, அப்பா பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் கீழே அமர்த்தி அமர்த்திக் காட்டினார். பார்க்காததுபோல் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், மெய்யாகவே நினைத்தேன். பிறகு பிரேக்கை அழுத்தினேன். இறங்கி மூடியைத் தூக்கினால், எஞ்சினின் இடுக்குகளில் எல்லாம் கோதுமைத் தாள் அடைத்து, கருகத் தொடங்கியிருந்தது. காற்றுப் போக இடமேயில்லை. எஞ்சின் வெந்துகொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்காத சத்த மாற்றம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. விரல் சுடச்சுடத் தாளைப் பிடுங்கி எறிந்தேன். என்னை நான்கு கார்கள் கடந்து போயின.

மறுபடி ஏறி, கடைசி இரண்டு சுற்றும் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. கரையில் மஞ்சள் சேலை திரும்பப் பறந்தது. வளைவுக்கு ஒருவராக அந்த நான்கு பேரையும் தாண்டினேன். கடைசி நேர்ப்பாதையில் டோபியாஸும் நானும் பக்கத்துப் பக்கமாக வந்தோம். டாக்கெலின் மூக்கு அவனுடைய முன்சில்லுக்கு நேரே இருந்தபோது கோடு வந்துவிட்டது. இரண்டாம் இடம்.

பரிசளிப்பு அங்கேயே நடந்திருக்கவேண்டும். ஆனால் ஃபிராவ் ஹோலர் பந்தயம் நடத்தியவரின் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்; அவருக்கு அது தேவையே இல்லை. "இந்தக் காரைச் செய்தவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாதாம். நாம் அந்தப் பக்கம் போகக்கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை!" என்று முழங்கிவிட்டு, கோப்பைகள் இருந்த மேசையின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை டோபியாஸின் தந்தை தூக்கினார். மேசை முன்னே போக, பிள்ளைகள், தொப்பி போட்ட கிழவர்கள், பியர்க் குவளைகள், நாய்கள் எல்லாம் பின்னே, அந்தக் கல்பாலத்தைக் கடந்து எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தன.

அம்மா சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, இவ்வளவு சனத்துக்கும் ரோல்ஸ் காணாதே!"

போதவில்லைதான்; கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த அந்த ரோல்ஸைப் பாதியாக வெட்டி வெட்டிக் கொடுத்தார். உறைப்பில் கண் கலங்கிய டோபியாஸ் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினான். எஞ்சினை ஏன் முன்னால் வைத்தீர்கள் என்று அவன் அப்பாவிடம் கேட்டான். அப்பா அம்மாவைக் காட்டினார். அம்மாவின் மாட்டுவண்டி நியாயத்தை நான் ஜெர்மனில் சொன்னேன். ஃபிராவ் ஹோலர் தொடையில் அடித்துச் சிரித்து, "இதை என் மாடுகளே சொல்லியிருக்கும்!" என்றார். கோப்பையை என் கையில் தந்தபோது நான் அதை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி, அடிப்பாகத்தின் ஒட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மற்றப் பிள்ளைகளின் தந்தைமார் ஒவ்வொருவராக அவரிடம் வந்து தங்கள் கார்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். ஐம்பது ஜெர்மன் சொற்களோடும் பத்து விரல்களோடும் அவர் எல்லோருக்கும் பதில் சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒருவர், விவசாய இயந்திரங்கள் திருத்தும் பட்டறை ஒன்றின் சொந்தக்காரர், அனுமதி கிடைக்கும் நாளில் தன்னிடம் வரும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அனுமதி அடுத்த வசந்தத்தில் வந்தது. அந்தப் பட்டறையின் கொலோன் கிளையில் அப்பாவுக்கு வேலை கிடைக்க, நாங்கள் நகரத்துக்குப் போனோம். டாக்கெலை ஹைமுக்குப் புதிதாக வந்திருந்த பொஸ்னியக் குடும்பமொன்றின் பெண்ணிடம் கொடுத்தோம். அவள் இரண்டு வருடம் ஓட்டியதாகக் கேள்வி. அதன்பின் அதற்கு என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது.

இப்போது நான் டார்ம்ஸ்டாட்டில் கார்களின் மின் மோட்டார்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். அவை சத்தமே போடுவதில்லை; கேட்டுக் கண்டுபிடிக்க அவற்றில் ஒன்றுமில்லை, எல்லாம் திரையில் எண்களாக வரும். போன கோடையில் அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். ஹைம் இருந்த இடத்தில் பல் வைத்தியசாலை. ஃபிராவ் ஹோலர் காலமாகி எட்டு வருடம். வளவில் மாடுகள் இல்லை. தாள் நிலம் முழுக்கக் கண்ணாடிப் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தன. பந்தயம் நின்றுபோய்ப் பல காலமாம். பெட்ரோல் புகையைப் பிள்ளைகள் முகரக்கூடாது என்று பெற்றோர் நினைக்கிறார்கள், அதுவும் சரிதான்.

சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இத்தனை வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"அப்பா, அண்டைக்கு நான் நிக்காமல் ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

"வெண்டிருப்பாய்" என்றார், ஒரு நொடியும் யோசிக்காமல். "இன்னும் ரெண்டு சுத்துத்தானே. எஞ்சின் அதுக்குத் தாங்கியிருக்கும். கோட்டைக் கடந்த பிறகு செத்திருக்கும்."

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். "அப்ப ஏன் என்னைச் சிவப்பைத் தூக்கச் சொன்னனீங்கள்?"

அப்பாவுக்கு இப்போது எழுபத்துநான்கு வயது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தக் கண்ணாடிப் பலகைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த வருசமும் ஓடவேணுமெண்டு நினைச்சனான்."